சுவரில் சான்றிதழ்... தோளில் துண்டு! - ஹோட்டல் அடுப்படிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

பெங்களூரிலிருந்து சேலத்துக்கோ மதுரைக்கோ காரில் கிளம்புகிறவர்களுக்குப் பசி எடுக்கிற இடம் பெரும்பாலும் தருமபுரிதான். கிருஷ்ணகிரியில் 'இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்' என்று தோன்றும். காரிமங்கலம் வரும்போது பின்சீட்டில் குழந்தைகள் முனக ஆரம்பித்துவிடுவார்கள். தொப்பூர் கணவாய்க்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம் என்பார் டிரைவர்.

அப்படி நிறுத்துகிற ஹோட்டலில் பார்க்கிங் இருக்கிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, ஏ.சி உண்டா என்றெல்லாம் பார்க்கிறோம். பில்லைக்கூட ஒருமுறை கூட்டிப் பார்க்கிறோம். ஆனால், சப்ளையர் போய் வருகிற அந்த ஆடும் கதவுக்குப் பின்னால் நிற்பது யார், அவர்களுக்கு இந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசிப்பதே இல்லை.

ஏதாவது விபரீதம் நடந்தால்தான் யோசிக்கிறோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுப் பள்ளி மாணவி உயிரிழந்தார். அதே உணவகத்தில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குச் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், கேரளாவின் காசர்கோடு மாவட்டத்திலும் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் இறந்தார்.

இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் ஒரே மாதிரியான காட்சிகளைப் பார்த்தோம். அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கிலோ கணக்கில் இறைச்சி குழியில் கொட்டப்பட்டது. சில நாள்கள் ஷவர்மா அடுப்புகள் அணைந்து கிடந்தன. பிறகு வழக்கம்போல எரிய ஆரம்பித்தன.

நாமக்கல் சம்பவத்தில் கைதானவர்களில் உணவக உரிமையாளர் மட்டும் இல்லை, அங்கே வேலை பார்த்த வடமாநிலச் சமையல் தொழிலாளர்களும் இருந்தார்கள். தப்பு நடந்தால் சட்டத்தின் கை முதலில் நீளுகிற இடங்களில் ஒன்று, சமையல்காரரின் தோள். ஆனால், அந்தத் தப்பு நடக்காமல் இருக்க அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததைச் செய்ய அந்த அடுப்படியில் வசதி இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் குறைவு. ரெய்டு வருகிறவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். அது அவசியம்தான். ஆனால், ஃப்ரிட்ஜுக்குள் அதை வைத்தவரின் ஒருநாள் எப்படி இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

தெரியாதவர்கள் அல்ல!

ஒரு மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என எந்த ஊர் ஹோட்டலிலும் அவர் இருப்பார்.

பத்தாவது தாண்டாதவர். சின்ன வயதில் டேபிள் துடைக்க வந்தவர். பிறகு பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, மாவு பிசைந்து, ஒருநாள் பெரிய மாஸ்டர் வராதபோது கல்லுக்கு முன்னால் நின்றவர். கேட்டரிங் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். சால்னா கொதிக்கிற சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்வார். கறியைத் தொட்டுப் பார்த்தே காலையில் அறுத்ததா, நேற்று அறுத்ததா என்று கண்டுபிடிப்பார்.

அவரிடம் போய் "மாஸ்டர், கழிப்பறை போயிட்டு வந்தா கை கழுவணுமா?" என்று கேட்டால் கோபம்தான் வரும். "என்ன தம்பி, இதுகூடவா தெரியாது?" என்பார். நகம் வெட்ட வேண்டும், பச்சைக் கறியைத் தொட்ட கையோடு வெந்ததைத் தொடக் கூடாது, தலைக்குத் தொப்பி போட வேண்டும் என எல்லாமே அவருக்குத் தெரியும். பொது சுகாதாரத் துறையில் ஆய்வு செய்கிறவர்கள் உணவகத் தொழிலாளர்களிடம் கேள்வித்தாளோடு போய் அறிவுக்கு ஒரு மதிப்பெண், நடைமுறைக்கு ஒரு மதிப்பெண் என்று போடுவது உண்டு. உலகின் பல ஊர்களிலும் திரும்பத் திரும்பத் தெரியவருவது ஒன்றுதான். அறிவில் வாங்குகிற மார்க், நடைமுறையில் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? மதியம் ஒரு மணிக்கு அந்த அடுப்படிக்குள் நின்று பார்த்தால் புரியும். டூரிஸ்ட் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. 45 பேர் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். "மாஸ்டர், பத்து புரோட்டா, நாலு முட்டை புரோட்டா, ரெண்டு ஆம்லெட்" என்று ஒரு குரல். அது முடிவதற்குள் இன்னொரு குரல். கல்லாவிலிருந்து "என்னப்பா, அந்த டேபிள் எந்திரிச்சுப் போயிடும்போல இருக்கே!" என்று முதலாளியின் குரல். இதற்கு நடுவே முட்டை உடைத்த கையை சோப்பு போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். சோப்பு எங்கே? வாடிக்கையாளர் கை கழுவுகிற இடத்தில் இருக்கிறது. அங்கே போக ஹாலைத் தாண்ட வேண்டும். அடுப்படியில் இருப்பது ஒரு டிரம், அதில் மிதக்கிற ஒரு மக். கோழி கழுவியவர், பெருக்கியவர் என எல்லோரும் பிடித்த கைப்பிடி அது.

ஒரு ஷிஃப்ட்டில் 15 முறை கை கழுவினாலும், முறைக்கு 20 விநாடி என்றால் மொத்தம் 5 நிமிடம்தான். ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த ஐந்து நிமிடத்தைத் தடுப்பது பெரும்பாலும் மாஸ்டரின் சோம்பேறித்தனம் அல்ல, குழாய் இருக்கிற இடம்.

'சூடு பண்ணினா சரியாயிடும்!'

அதற்காக மாஸ்டருக்கு எல்லாமே தெரியும் என்று சொல்லிவிட முடியாது. அனுபவம் சொல்லிக்கொடுக்காத விஷயங்கள் சில உண்டு. ஏனென்றால், அவை கண்ணுக்குத் தெரியாதவை, மூக்குக்கும் பிடிபடாதவை. அதில் முதல் இடம் பிடிப்பது, "கொதிக்க வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடும்" என்ற நம்பிக்கை. வீடுகளிலும் இதே நம்பிக்கைதான்.

மதியம் வடித்த சாதம் மிச்சமாகிறது. வெள்ளைச் சோறு, கெட்ட வாசனை இல்லை. அப்படியே குண்டானில் மூடி வைத்தால், இரவு 9 மணிக்கு முட்டை, சோயா சாஸ் எல்லாம் சேர்த்து ஃப்ரைடு ரைஸ் ஆக்கிவிடலாம். 'தீ சும்மா பறக்குதே, இதுல என்ன கிருமி இருக்கப்போகுது?' என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா, விதை போன்ற வடிவத்தில் ஒளிந்திருக்கலாம். அந்த விதை வடிவம் உலை கொதிப்பதையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக ஆறிக்கிடக்கும்போது முளைத்துப் பெருகும். பெருகும்போது ஒரு நச்சை வெளியிடும். அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கடாயில் தீ பறந்தாலும் பயனில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வரலாம். 1970-களில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் இப்படித் தொடர்ந்து பாதிக்கப்பட்டபோதுதான் இந்தப் பாக்டீரியா பெரிய அளவில் கவனத்துக்கு வந்தது. அங்கேயும் காரணம், சாதத்தை முன்கூட்டியே வடித்து நீண்ட நேரம் வெளியே வைத்திருந்ததுதான்.

'எங்க பாட்டி காலத்துல பழைய சோறு சாப்பிடலையா?' என்று கேட்கத் தோன்றும். பாட்டி சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்தார். அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பேறும். புளிப்பில் பல கிருமிகள் வளரத் தடுமாறும். குண்டானில் மூடி வைத்த ஹோட்டல் சோற்றில் அந்தப் புளிப்பு கிடையாது. இரண்டும் ஒன்றல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆபத்து தெரியும். சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். மதியம் 2 மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும், இரவு 9 மணிக்கு அது 20 லட்சத்தைத் தாண்டிவிடும். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கிற வெப்பநிலையைத்தான் ஆபத்தான எல்லை என்கிறார்கள். 'சூடாக இருந்தால் 60-க்கு மேல் வைத்திரு, குளிராக இருந்தால் 5-க்குக் கீழ் வைத்திரு, சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதே' என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அடிப்படைப் பாடம்.

தருமபுரியின் கோடைக்காலத்தில் ஓட்டுக்கூரை போட்ட அடுப்படியின் வெப்பம் இந்த ஆபத்தான எல்லைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால், எத்தனை அடுப்படிகளில் தெர்மாமீட்டர் இருக்கிறது?

அடுப்புக்கு அப்புறம் நடப்பவை

புரோட்டாவைப் பொறுத்தவரை கல்லில் இருக்கும்வரை பயமில்லை. அந்தச் சூட்டுக்குப் பெரும்பாலான கிருமிகள் தாங்காது. எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் தட்டி உதிர்க்கிற அந்தக் கணத்தில்தான் கை முக்கியமாகிறது. அடுப்புக்கு முன்னால் தொடுகிற கையைவிட, அடுப்புக்கு அப்புறம் தொடுகிற கைதான் ஆபத்தானது. ஏனென்றால், அதற்குப் பிறகு அந்தத் தப்பைத் திருத்த நெருப்பு இல்லை.

இந்தக் கோணத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால், நாம் பயப்படுகிற பொருள்கள் வேறு, பயப்பட வேண்டிய பொருள்கள் வேறு என்பது புரியும். கொதிக்கக் கொதிக்க வருகிற மட்டன் குழம்பைவிட, தேங்காய்ச் சட்னி, வெங்காயப் பச்சடி, பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற பச்சை வெங்காய வளையம், புதினா இவையெல்லாம்தான் அடுப்பையே பார்க்காமல் நேராக இலைக்கு வருபவை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸும் அப்படித்தான். அதனால்தான் 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது.

இந்தப் பொருள்களைக் காப்பாற்றுவது கத்தி, கட்டை, கை மூன்றும்தான். கோழி வெட்டிய அதே கட்டையில் வெங்காயம் நறுக்கினால் போச்சு. கோழி கழுவுகிற தண்ணீர் தெறிக்கிற தூரத்தில் கொத்தமல்லிக் கூடை இருந்தாலும் போச்சு. ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் பச்சைக் கறி, கீழ்த் தட்டில் அரைத்த சட்னி என்றால், மேலிருந்து சொட்டுகிற ஒரு துளி போதும்.

இவை எல்லாவற்றையும்விட யாரும் கண்டுகொள்ளாத ஒன்று, மாஸ்டரின் தோளில் கிடக்கிற துண்டு. காலையில் வெள்ளையாக வந்தது அது. நெற்றி வியர்வையைத் துடைக்கும், சூடான குண்டானைப் பிடிக்கும், கல்லைத் துடைக்கும், ஈரக் கையைத் துடைக்கும், கழுவிய தட்டில் இருக்கிற தண்ணீரையும் துடைக்கும். உப்பு பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, அதையும் அந்தத் துண்டில்தான் துடைப்பார். எச்சில் பார்க்கிற ஊர் நம்முடையது. கரண்டியில் வாய் வைக்காத மாஸ்டரைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் உள்ளங்கை எச்சில் துண்டுக்குப் போய், துண்டிலிருந்து தட்டுக்கு வருவதை யோசிப்பதில்லை.

ஆரோக்கியமான மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மூக்கைத் துடைத்த கையிலிருந்தோ, விரலில் இருக்கிற வெட்டுக்காயத்திலிருந்தோ அது உணவுக்குப் போய் வளர்ந்தால் நச்சை உருவாக்கும். இந்த நச்சும் சூட்டில் அழியாத வகை. வெங்காயம் நறுக்குகிறவர் விரலில் வெட்டு இல்லாத நாள் உண்டா? நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை போட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அந்த வெட்டுக்குக் கிடைப்பது ஒரு சிட்டிகை மஞ்சள்தான்.

தண்ணீருக்கும் விலை உண்டு

சுத்தம் என்றாலே தண்ணீர். தருமபுரியில் தண்ணீர் சுலபமான விஷயமாக இருந்ததில்லை. வறட்சிக்குப் பேர்போன மாவட்டம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பற்களிலும் எலும்புகளிலும் பாதிப்பைச் சுமந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டம் இந்த மாவட்டத்துக்குப் பெரிய ஆறுதல்.

ஆனாலும், கோடையில் டேங்கர் லாரிக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற சின்ன ஹோட்டல்காரருக்கு, ஒவ்வொரு குடமும் ஒரு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கு நேராகப் போய் விழுகிற இடம், பின்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிற அக்காவின் தொட்டி. ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், அடுத்ததில் அலசுகிற தண்ணீர். நூறு தட்டுக்கு அதே தண்ணீர் என்றால், கடைசித் தட்டு கழுவப்படுவதில்லை, நனைக்கப்படுகிறது.

"தண்ணிய மாத்தட்டுமா?" என்று அந்த அக்கா கேட்டால், "இப்பதானே மாத்துன, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுக்கா" என்று பதில் வரும். தண்ணீர் கலங்கிவிட்டது என்று அந்த அக்காவுக்குத் தெரியும். அதை மாற்றுகிற அதிகாரம் அவரிடம் இல்லை. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று நடந்தால், அதற்கு அழைக்கப்படுகிற கடைசி ஆளாகவும் அவரே இருப்பார்.

இதே மாவட்டத்தில் ஒகேனக்கல் போனவர்கள் இன்னொரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் வாங்கித் தருகிற மீனை, அங்கேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தும் பொரித்தும் தருகிற பெண்கள். ஏ.சி கிடையாது, டைல்ஸ் கிடையாது. ஆனால், மீன் சட்டியிலிருந்து இலைக்கு வர ஆகிற நேரம் சில நிமிடங்கள்தான். கிருமிக்கு வளர நேரமே இல்லை. அங்கும் கையும் தண்ணீரும் சுத்தமாக இருந்தாக வேண்டும். ஆனாலும், பளபளப்பான இடம் வேறு, பாதுகாப்பான உணவு வேறு என்பதை அந்த அடுப்புகள் நமக்குச் சொல்லத்தான் செய்கின்றன.

லீவு போட்டால் கூலி இல்லை!

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், மஞ்சள் காமாலை, சீழ் பிடித்த புண் - இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தத் தொழிலாளி உணவைத் தொடக் கூடாது என்பது விதி. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி ஆகியவையும் விதியில் இருக்கின்றன. பிரிட்டனில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது என்கிறார்கள்.

நம் மாஸ்டருக்குக் காலையிலிருந்து நான்கு முறை வயிறு போகிறது. அவர் தினக்கூலி. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்று நாள் போகாவிட்டால், நான்காவது நாள் அந்தக் கல்லுக்கு முன்னால் வேறு ஒருவர் நிற்பார். வீட்டு வாடகை, பிள்ளையின் ஃபீஸ், வாரா வாரம் கதவைத் தட்டுகிற குழுக் கடன் என எல்லாம் கண்முன் வரும். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "உடம்பு எப்படி இருக்குண்ணா?" என்று கூட வேலை செய்கிற பையன் கேட்டால், "ஒண்ணுமில்லடா, நீ மாவை எடு" என்பார். முதலாளியிடம் சொல்லவே மாட்டார்.

நூறு வருடங்களுக்கு முன்பு நியூயார்க்கில் இப்படி ஒரு கதை நடந்தது. மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். 1906-ல் அவர் சமைத்த ஒரு வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. அவருக்கோ ஒன்றும் இல்லை. நோய் அறிகுறியே இல்லாமல் கிருமியை உடலில் சுமப்பவர் அவர் என்று விசாரணையில் தெரியவந்தது. சமைத்த உணவில் கிருமி செத்துவிடும் என்பதால், பழம் வெட்டிப் போட்டு அவர் செய்த ஐஸ்கிரீம் வழியாகப் பரவியிருக்கலாம் என்று விசாரித்த நிபுணர் சந்தேகப்பட்டார். அங்கேயும் நெருப்பைப் பார்க்காத உணவுதான்!

மேரியைப் பிடித்து ஒரு தீவில் தனிமைப்படுத்தினார்கள். 1910-ல், இனி சமையல் வேலைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுவித்தார்கள். துணி துவைக்கிற வேலை கிடைத்தது. அதில் சமையல் வேலை அளவுக்குக் கூலி இல்லை. சில ஆண்டுகளில் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனார். 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது, இருவர் இறந்தனர். அங்கே சமையல்காரராக இருந்தவர் மேரி. திரும்பவும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

'டைபாய்டு மேரி' என்று உலகம் அவரை வில்லியாக நினைவில் வைத்திருக்கிறது. தன்னிடம் கிருமி இருப்பதையே அவர் கடைசிவரை நம்பவில்லை என்பது உண்மை. நிபந்தனையை மீறியதால் உயிர்கள் போனதும் உண்மை. அதே நேரம், 'இந்த வேலையைச் செய்யாதே' என்று சொன்னவர்கள், அதே கூலி கிடைக்கிற இன்னொரு வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. நம் மாஸ்டரிடம் 'உடம்பு சரியில்லைனா வராதே' என்று மட்டும் சொன்னாலும் அதுவேதான் நடக்கும்.

இ.எஸ்.ஐ பொருந்துகிற நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு, தகுதி இருந்தால் நோய்க்காலத்தில் சம்பளத்தின் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். ஆனால், நான்கைந்து பேர் வேலை செய்கிற சாலையோர ஹோட்டல் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே நோய்க்கால விடுப்பு என்பது முழுக்க முழுக்க முதலாளியின் மனசு.

சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2006-ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் உண்டு.

பயிற்சிக்கும் வழி இருக்கிறது. 'ஃபாஸ்டாக்' என்ற பெயரில் 2017-லிருந்து எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. 25 பணியாளர்களுக்குப் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பயிற்சிக்குப் போவது முதலாளியோ மேனேஜரோதான். வந்ததும் சான்றிதழை ஃப்ரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுவார்கள். அதில் எழுதியிருப்பது கதவைத் தாண்டி அடுப்படிக்குள் போய்ச் சேர்ந்ததா? மாவு பிசைகிறவர் ஒடிசா, பாத்திரம் எடுக்கிறவர் பீகார், சுவரில் ஒட்டிய அறிவிப்போ தமிழில் என்றால், அது சுவருக்கு மட்டும்தான் பாடம்.

பெரிய செலவில்லாத மாற்றங்கள்

அடுப்படியை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஒரு சின்ன ஹோட்டல் முதலாளி நினைத்தால் இந்த வாரமே செய்யக்கூடியவை இவை:

* மாஸ்டர் நிற்கிற இடத்திலிருந்து நான்கு எட்டுக்குள் ஒரு குழாய், ஒரு சோப்பு. குழாய் போட முடியாவிட்டால், அடியில் திருகு வைத்த ஒரு டிரம். மக் வேண்டாம்.
* தோளில் ஒரு துண்டு என்பதற்குப் பதிலாக, வியர்வைக்கு ஒன்று, பாத்திரம் பிடிக்க ஒன்று, தட்டு துடைக்க ஒன்று. மூன்றும் மூன்று நிறத்தில் இருந்தால் மொழி தெரியாதவருக்கும் புரியும். மறுநாள் வெந்நீரில் துவைத்தவை வர வேண்டும்.
* பச்சைக் கறிக்கு ஒரு கட்டை, காய்கறிக்கு ஒரு கட்டை. ஃப்ரிட்ஜில் பச்சைக் கறி எப்போதும் கீழ்த் தட்டில்.
* மிச்சச் சாதத்தைக் குண்டானில் மூடி வைக்காமல், அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து உடனே ஃப்ரிட்ஜில் வைப்பது. அதற்கு வசதி இல்லையென்றால், இரவுக்குத் தனியாக வடிப்பது. அரிசியின் விலை, ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு.
* மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃப்ரீசரை அணைக்கிற பழக்கத்தை விடுவது.
* காலையில் கடை திறக்கும்போது எல்லோரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "யாருக்காவது வயிறு சரியில்லையா, கையில வெட்டு இருக்கா?"

கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டுமானால், பதில் சொன்னவரின் கூலி வெட்டப்படக் கூடாது. முழு நாள் லீவு கொடுக்க முடியாவிட்டாலும், உணவைத் தொடாத வேலை ஏதாவது கொடுக்கலாம். டைபாய்டு தடுப்பூசிச் செலவை முதலாளியே ஏற்கலாம்.

சாப்பிடப் போகிற நாம்...

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் 'வேண்டாம், இலையில கொடுங்க' என்று சொல்லலாம். சட்னி ஒரு மாதிரி புளிப்பாக இருந்தால், சங்கடப்படாமல் ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லலாம். புகார் என்றால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுவதற்கு முன் அங்கே சொன்னால், அதிகாரி நேரில் வந்து மாதிரி எடுக்க முடியும்.

இன்னொன்றும் செய்யலாம். ஆர்டர் கொடுத்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று சப்ளையரை விரட்டாமல் இருக்கலாம். நாம் அவரை விரட்ட, அவர் மாஸ்டரை விரட்ட, அந்த அவசரத்தில் முதலில் காணாமல் போவது கை கழுவுகிற 20 விநாடிதான்.

முதலாளிகள் எத்தனையோ பலகைகளை மாட்டுகிறார்கள். 'உயர்தர சைவ அசைவ உணவகம்' என்கிறது ஒன்று. 'இங்கு சுத்தமான மினரல் வாட்டர் பயன்படுத்தப்படுகிறது' என்கிறது இன்னொன்று. எந்தப் பலகையிலும் எழுத முடியாத ஒரு வாக்கியம் இருக்கிறது. அது அடுப்படிக்குள் சொல்லப்பட வேண்டியது. "உடம்பு சரியில்லைனா வீட்டுக்குப் போய்ப் படு தம்பி, இன்னிக்குக் கூலி உனக்கு உண்டு." அந்த வார்த்தை சொல்லப்படுகிற ஹோட்டலில், நம்பி உட்கார்ந்து இன்னொரு புரோட்டா சொல்லலாம்.